நாலு வளையம் போட்ட காசு

எனக்குச் செல்லாக்காசு சேர்க்கிற கிறுக்கு உண்டு. கிறுக்கு என்பது என் வீட்டுக்காரர் வைத்த பேர். "காசு குடுத்துச் செல்லாக்காசு வாங்குற ஆள இந்த ஜில்லாவுலயே ஒருத்தியத்தான் பாத்திருக்கேன், அவளயும் நானே கட்டிக்கிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். நாளெல்லாம் பட்டாசுப் பெட்டி லேபிளை வெட்டிவிட்டு வருகிற மனுஷனிடம் போய், இந்தக் காசில் தேய்ந்துபோன எழுத்து தெரிகிறதா பாருங்கள் என்று நீட்டினால் எரிச்சல் வரத்தான் செய்யும். அதனால் நான் நீட்டுவதை விட்டுவிட்டேன்.

இந்தக் கிறுக்கு விருதுநகரில் என்னைப் பெற்ற அத்தாவின் மல்லி வத்தல் கடையில் பிடித்தது. கல்லாவில் யாராவது ஓட்டைக் காசோ வெளிநாட்டுக் காசோ தள்ளிவிட்டுப் போனால், அத்தா தள்ளியவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் காசை என்னிடம் தந்துவிடுவார். அவருக்கு நஷ்டம், எனக்கு லாபம். கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்த பிறகும் அது விடவில்லை. இப்போது சென்னை வியாபாரிகள் செல்போனிலேயே படம் போடுகிறார்கள். பிடித்தால் பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படி வாங்கியதுதான் அந்தக் காசு. பிரான்ஸ் நாட்டின் தெற்கே, கடலோரத்தில், மெல்கேய் என்று ஒரு சின்னச் சீமை முன்னொரு காலத்தில் இருந்திருக்கிறது. ராஜாகூட இல்லை, ராஜாவுக்குக் கீழே ஒரு பிரபு ஆண்ட இடம். நம் கணக்கில் ஒரு தாலுகா இருக்குமோ என்னவோ. அந்தத் தாலுகாவுக்குச் சொந்தமாக ஒரு காசு. மெஷின் இல்லாத காலம். கீழே ஓர் அச்சு, அதன் மேல் வெள்ளித் தகடு, தகட்டின் மேல் இன்னோர் அச்சு, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. ஒரு போடுக்கு ஒரு காசு. அடிக்கிறவன் கை கொஞ்சம் நகர்ந்தால் படமும் நகர்ந்துவிடும். அதனால் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. எனக்கு அதில்தான் ஆசை. மெஷின் அடித்த காசில் யார் கையும் தெரிவதில்லை. இதில் ஒரு ஆள் நின்று அடித்தது தெரிகிறது, அவன் அன்றைக்குக் கொஞ்சம் அவசரத்தில் இருந்ததுகூடத் தெரிகிறது.

ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் நாலு சின்ன வளையம். சுற்றிலும் எழுத்து, அது விற்றவருக்கே புரியவில்லை. வெள்ளி என்று பேரே தவிர, செம்பு நிறையக் கலந்தது. எண்ணூறு வருஷத்துக்கு மேல் மண்ணிலும் பெட்டியிலும் கிடந்து கறுத்துப்போயிருந்தது. நம் பழைய எட்டணாவைவிடச் சின்னது, விரலில் வைத்தால் கனமே தெரியாத அளவுக்கு மெலிசு. விலையை இங்கே சொல்லப் போவதில்லை. வீட்டிலேயே சொல்லவில்லை.

வீட்டு விலாசம் கொடுத்தால் வீட்டுக்காரரின் அம்மா, எங்கள் மாமி, பார்சலை வாங்கிப் பிரித்துவிடுவார். உள்ளே சிலுவை போட்ட காசு இருந்தால், எதற்கு, யாருக்கு, எம்புட்டு என்று ஒரு விசாரணையே நடக்கும். ஆகவே நான் வேலை பார்க்கிற கம்பெனியின் விலாசத்தைக் கொடுத்தேன்.

கம்பெனி என்று நாங்கள் சொல்வது எம். புதுப்பட்டியில் இருக்கிற ஒரு பட்டாசு ஆலையை. அங்கே வருகைப் பதிவும் சரக்குக் கணக்கும் என் பொறுப்பு. எல்லோருக்கும் நான் பாயம்மா. ஆபீஸ் கேட்டுக்கு வெளியே இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே வேப்ப மரங்களுக்கு நடுவில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள், ஒவ்வொரு ரூமுக்கும் பல வாசல். மருந்து அடைப்பது, திரி செருகுவது, பெட்டி கட்டுவது எல்லாம் அங்கேதான். நாற்பது ஐம்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தினமும் ஒரு நடை நானும் உள்ளே போய்ச் சரக்கை எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

உள்ளே போகிற யார் உடம்பிலும் உலோகம் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, ஊக்கு, கொலுசு, செல்போன் எதுவும் கேட்டைத் தாண்டாது. ஒரு ஊக்கு விழுந்து தரையில் உரசினால் போதும், அதற்கப்புறம் பேச ஆள் இருக்காது. மெட்டியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதன்மேல் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு போவார்கள். மற்ற எல்லாவற்றையும் கேட்டில் இருக்கிற நீல நிறப் பிளாஸ்டிக் பேசினில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொள்வோம். பூட்டு கிடையாது, டோக்கன் கிடையாது. ஒருத்தி கொலுசு இன்னொருத்திக்குப் போனதாக நான் கேட்டதே இல்லை.

பேசினுக்குக் காவல், கேட்டில் நிற்கிற அக்கா. பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை, கேட்டு அக்காதான். ஒரு காலத்தில் உள்ளே மருந்து அடைத்தவர். ஏதோ ஒரு தீயில் வலது கை விரல்கள் மடங்கிவிட்டன. முதலாளி அவரைக் கேட்டில் நிறுத்தினார். புருஷன் இல்லை. ஒரே மகள் விருதுநகரில் நர்சிங் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் வேறு வேலை கிடையாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலையில் அப்படி ஒரு கண்டிப்பு. முதலாளி வீட்டு அம்மாவையே, "வளவியக் கழத்திப் போட்டுட்டு உள்ள போங்க" என்று நிறுத்தியவர்.

தீபாவளி சீசன் நெருங்கியிருந்த நேரம். நான் உள்ளே கிளம்புகிற நேரம் பார்த்துக் கூரியர்காரர் வந்தார். அட்டைச் சட்டத்துக்குள் காசை வைத்து நாலு மூலையிலும் பின் அடித்திருந்தார்கள். நகத்தால் பின்னையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காசை உள்ளங்கையில் எடுத்தேன். ஃபோர்மேன் அதற்குள் ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்திருக்கலாம். கையை விட்டு இறக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். கேட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டே நடந்தேன். அங்கே கைக்குட்டையை மடித்துப் பேசினில் வைத்து, அதன் மேல் காசை வைத்து, சாவியையும் வளையலையும் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே போனேன். கேட்டு அக்கா அப்போது லோடு ஏற்ற வந்த வண்டிக்காரரிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது சாவி இருந்தது, வளையல் இருந்தது, கைக்குட்டை ஓரமாகச் சரிந்து கிடந்தது. காசு இல்லை.

"அக்கா, இதுல என் வெள்ளிக் காசு ஒண்ணு வச்சிருந்தேன், பாத்தீங்களா?"

"வெள்ளிக் காசா? அப்படி ஒண்ணும் பாக்கலியே பாயம்மா. நல்லாப் பாருங்க, முந்தியில முடிஞ்சு வச்சிருப்பீக."

பேசினைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினோம். கொலுசு, சாவிக்கொத்து, ஊக்கு, கொண்டை ஊசி, முடிச்சு முடிச்சாகச் சில்லறை. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினோம். ரொம்பப் பழைய காசு, விலை உயர்ந்தது, ஒரு பக்கம் சிலுவையும் மறுபக்கம் நாலு வளையமும் இருக்கும் என்று சொன்னேன். அவர் மடங்கிய விரலால் பேசினின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகையாக வந்தது. நாற்பது வயது தாண்டியவள் ஒரு காசுக்காக ஆலை வாசலில் உட்கார்ந்து அழுதால் நன்றாக இருக்காதே என்று அடக்கிக்கொண்டேன்.

நான் அதோடு விட்டிருப்பேன். ஃபோர்மேன் முதலாளிக்குப் போன் பண்ணிவிட்டார்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. கம்பெனிக்குள் ஒரு பொருள் காணாமல் போனது என்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும், அதுதான். சாயங்காலம் வேலை விட்டதும் எல்லோரையும் சோதித்துத்தான் வெளியே விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் போனை வாங்கி, வேண்டாம் அண்ணாச்சி என்றேன். "நீ சும்மா இரும்மா, இன்னைக்கு ஒன் காசு, நாளைக்கு மருந்து" என்று போனை வைத்துவிட்டார்.

உள்ளே போகும்போது சோதிப்பது உயிருக்கு. வெளியே வரும்போது சோதிப்பது திருட்டுக்கு. இந்த வித்தியாசம் தெரியாத பெண் அந்த வரிசையில் ஒருத்திகூட இல்லை. காலையில் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்துப் பேசி நிற்கிறவர்கள் அன்று கையைத் தூக்கவே இல்லை. கேட்டு அக்கா ஒவ்வொருத்தியின் தூக்குவாளியையும் திறந்து பார்த்தார், முந்தி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. திரி செருகுகிற பெண் ஒருத்தி, நாக்கு நீளம், என்னைப் பார்த்தே கேட்டாள்.

"ஏன் பாயம்மா, மிச்சச் சோத்துக்குள்ளயா ஒங்க காசு கெடக்கு? வேணும்னா பெசஞ்சு பாத்துக்கிடுங்க."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அண்ணாச்சி மேல் வந்தது, ஃபோர்மேன் மேல் வந்தது, அந்தக் காசை அடித்த பிரான்ஸ்காரன் மேல்கூட வந்தது. காசு கிடைக்கவில்லை. டவுன் பஸ்ஸும் போய்விட்டது. எல்லோரும் அடுத்த பஸ்ஸுக்கு ரோட்டில் நின்றார்கள், கேட்டு அக்கா மட்டும் தள்ளித் தனியாக நின்றார்.

மறுநாள் காலையில் பேசின் காலியாக இருந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. வந்தார்கள், கையைத் தூக்கினார்கள், உள்ளே போனார்கள். கொலுசையும் சாவியையும் சிலர் ரோட்டோர டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார்கள், சிலர் துணிப்பையில் போட்டு வெளி மரத்தில் தொங்கவிட்டார்கள். பேசினில் போட ஒருத்திக்கும் மனசில்லை. கேட்டு அக்கா, "போடலியா?" என்றதற்கு, "போட என்ன இருக்கு?" என்று பதில் வந்தது.

அன்று மத்தியானம் திரி ரூம் தரையில் ஒரு ஊக்கு கிடந்தது. பேசினில் போடாமல், வெளியேயும் வைக்காமல், யாரோ மறந்து சேலை மடிப்புக்குள் குத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். ஃபோர்மேன் எல்லோரையும் மெதுவாக எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்தார். வெளியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அந்த ஊக்கை விரலில் எடுத்துப் பார்த்தேன். என் காசைவிட அது சின்னது.

அண்ணாச்சி வந்தார். என்னையும் ஃபோர்மேனையும் உட்கார வைத்துப் பேசினார்.

"அவ எடுத்தான்னு நான் சொல்லலம்மா. அவள எத்தன வருசமா எனக்குத் தெரியும். ஆனா அவ பேசினுக்குள்ள ஒருத்தியும் பொருளப் போடலேன்னா, அவ அங்கன நின்னு என்ன பிரயோசனம்? இன்னைக்கு ஊக்கு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நானா பதில் சொல்ல, நீயா? இந்த வாரத்தோட கணக்கு முடிச்சு விட்ருவோம். புதுசா ஒரு ஆளப் போட்டாத்தான் சரியா வரும்."

அவர் சொன்னதில் எனக்குத் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டு அக்கா காலிப் பேசினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, அந்தக் காசு கிடைச்சிருச்சு" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் மீதியை யோசித்தேன். கைப்பையில் உள்துணி கிழிந்திருந்ததாகவும், கைக்குட்டையோடு காசையும் சேர்த்து நானே பைக்குள் வைத்துவிட்டு மறந்ததாகவும், அது கிழிசலுக்குள் போய் ஒளிந்திருந்ததாகவும், அன்று காலையில்தான் பார்த்ததாகவும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படியாக வந்தது. அண்ணாச்சி என்னைத் திட்டிய திட்டு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "கம்பெனி விலாசத்துக்கு இனிமே ஒரு பொட்டணம் வரக் கூடாது" என்றார். வராது என்றேன். அன்று சாயங்காலம் வரிசையில் நின்ற பெண்களிடம் நானே போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, காசு கிடைத்துவிட்டது, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். நாக்கு நீளமான பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "ரொம்பச் சந்தோசம் பாயம்மா. இனி அத இடுப்புல கட்டிக்கிடுங்க."

மறுநாளிலிருந்து பேசினில் மறுபடியும் கொலுசு விழுந்தது. கேட்டு அக்காவை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நான் நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். வீட்டில் மட்டும் ரெண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள், ஒரு காசுக்காக அப்படி ஆகும் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொல்லிவிட்டேன். விலையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி பண்ணவில்லை. "போனாப் போகுது விடு, அந்தம்மா பொழைப்பு தங்குச்சுல்ல" என்றார். அவர் கேலி பண்ணாமல் இருந்ததில்தான் எனக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நாள் கழித்துச் சூலக்கரையில் இருக்கிற ஜில்லா ஆபீசிலிருந்து அதிகாரிகள் சோதனைக்கு வரப்போவதாகத் தகவல் வந்தது. தகவல் வந்தால் எங்கள் கம்பெனியில் கல்யாண வீடு மாதிரி வேலை நடக்கும். சருகு கூட்டுவார்கள், போர்டு எழுதுவார்கள். தீயணைக்க ஒவ்வொரு ரூம் வாசலிலும், கேட்டிலும் தொங்குகிற சிவப்பு வாளிகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். வாளியில் இருக்கிற மண்ணைக் கொட்டி, கட்டி இல்லாமல் சலித்து, காயவைத்துத் திரும்ப நிரப்புவார்கள். கேட்டில் தொங்குகிற வாளியைக் கேட்டு அக்காதான் சலிப்பார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"சாப்பிட்டீகளா பாயம்மா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

"ஆச்சு. ஒங்க காசு பத்தரமா இருக்கா?"

"இருக்குக்கா. வீட்டுல இருக்கு."

"பீரோவுலயா?"

"ஆமா, பீரோவுலதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் மடங்கிய கையை என் முன்னால் நீட்டி, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். உள்ளங்கையில் நாலு வளையம் தெரிந்தது.

"அப்ப இது ஆரு காசு?"

கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காசைப் பார்த்த சந்தோஷத்தை முகத்தில் காட்டுவதா, பொய் பிடிபட்ட வெட்கத்தைக் காட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். அவரே சொன்னார்.

அன்றைக்கு ஒரு பெண், வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதால், பாதியிலேயே கிளம்பியிருக்கிறாள். அவசரத்தில் பேசினுக்குள் கைவிட்டுத் தன் சாவியை இழுத்ததில் என் கைக்குட்டை சரிந்து, காசு பேசினுக்கு வெளியே தெறித்து விழுந்திருக்கிறது. அவள் போன பிறகு கேட்டு அக்கா தரையில் பார்த்திருக்கிறார். கறுப்பாக, ஓரமெல்லாம் பிசிறாக ஒரு தகட்டுச் சில்லு. மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. எங்கள் கம்பெனி வாசலில் அப்படி ஒன்று கிடந்தால் அது காசாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மருந்து காய்ந்து ஒட்டின தகரம், யார் காலிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார். வெறுமனே வீசக் கூடாது, எங்காவது உரசினால் பற்றிக்கொள்ளும். தண்ணீரிலும் போடக் கூடாது, சில மருந்து ஈரம் பட்டால் சூடாகும். ரெண்டு அட்டையால் அலுங்காமல் எடுத்து மண் வாளிக்குள் புதைத்திருக்கிறார். ஃபோர்மேனிடம் சொல்ல நினைத்தபோது நான் வெள்ளிக் காசு எங்கே என்று வந்து நின்றிருக்கிறேன். அந்தக் கலவரத்தில் தகரம் மறந்தே போயிருக்கிறது.

"வெள்ளிக் காசுன்னீக. நகைக்கடையில லட்சுமி படம் போட்டுக் குடுப்பாகள்ல, அது மாதிரி பளபளன்னு இருக்கும்னு நான் அதையே தேடிக்கிட்டு இருக்கேன். இன்னைக்குச் சலிக்கும்போது இந்தத் தகரம் வந்துச்சு. மண்ணு பட்டுத் தேஞ்சதுல ஓரம் லேசா வெளுத்திருக்கு. திருப்பிப் பாத்தா சிலுவ. இந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு வளையம். எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு."

"எனக்கும்தான்க்கா" என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்கு அடைக்குது? ஒங்களுக்குத்தான் அன்னைக்கே கெடச்சிருச்சே."

"ஒங்க வேலை போயிரும்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

"நான் எடுத்துட்டேன்னு நெனச்சீகளா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நீங்க நெனக்கலன்னே வச்சுக்கிடுவோம். அங்கன நிக்கிறாளுகளே, அவளுக என்ன பேசுறாளுக தெரியுமா? 'பாயம்மாவுக்கு எளகின மனசு, கேட்டு அக்கா எடுத்தது தெரிஞ்சும் மூடி மறச்சிட்டாக'ன்னு பேசுறாளுக. எங்காதுல விழுற மாதிரியே பேசுறாளுக. பேசின்ல போடுறாளுக, போட்டுட்டுத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறாளுக. நீங்க எனக்கு வேலையக் காப்பாத்திக் குடுத்தீக பாயம்மா. அது ஒங்க பொய்யில நிக்கிற வேல. அத வச்சு நான் என்ன செய்ய?"

அதுவரை நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை. திருடாதவரை மன்னித்துவிட்ட மாதிரி ஆக்கியிருக்கிறேன். காசைத் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, அவரும் தரவில்லை. விரல்களை மறுபடி மடக்கிக்கொண்டார். அந்த விரல் மடங்கினால் யாராலும் பிரித்து எடுக்க முடியாது.

"நாளைக்குக் காலையில எல்லாரும் வரட்டும், அண்ணாச்சியும் வரட்டும். அது வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்றார். சரி என்றேன்.

அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நம்ப மாட்டீர்கள். காசு கிடைத்ததால் இல்லை, இனிமேல் அந்தப் பொய்யைத் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்பதால். அண்ணாச்சிக்குப் போன் பண்ணி, காலையில் கொஞ்சம் சீக்கிரம் வாங்க, ஒரு விஷயம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "மறுபடியும் காணாமப் போச்சா?" என்று கேட்டார்.

காலையில் பஸ் வந்தது, எல்லோரும் இறங்கி வந்தார்கள், அண்ணாச்சியும் வந்துவிட்டார். வரிசை நின்றது. கேட்டு அக்கா கேட்டைத் திறக்கவில்லை. பேசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். தகரம் என்று நினைத்தது, மண்ணில் புதைத்தது, மறந்தது, சலித்தபோது வந்தது. "இதுதான் அந்தக் காசு. எல்லாரும் கையில வாங்கிப் பாருங்க. நீங்களா இருந்தா இதக் காசுன்னு சொல்லியிருப்பீகளான்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று முதல் பெண்ணின் கையில் வைத்தார்.

காசு கை மாறி மாறிப் போனது. எனக்கு உயிரே இல்லை, யாராவது கீழே போட்டுவிடுவார்களோ என்று. ஆனால் மருந்தைக் கையாண்டு பழகிய விரல்கள், ஒருத்தியும் தவறவிடவில்லை. சிலர் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், சிலர் முகர்ந்து பார்த்தார்கள். "அய்ய, இதுவா?" என்றது ஒரு குரல். "இதுக்கா நம்ம தூக்குவாளியத் தொறந்தாக?" என்றது இன்னொன்று. நாக்கு நீளமான பெண்ணிடம் போனபோது அவள் ரெண்டு பக்கமும் புரட்டினாள். "இதக் குடுத்தா டீக்கடையில ஒரு வடை தர மாட்டான். நான் பாத்திருந்தா ஓடைக்குள்ள வீசியிருப்பேன்" என்றாள். பிறகு கேட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். "யக்கா, நாந்தான் அப்படிப் பேசுனேன். மனசுல வச்சுக்கிடாதீக" என்று சொல்லும்போது அவள் குரல் வழக்கமான குரலாக இல்லை. கேட்டு அக்கா காசை அடுத்தவளிடம் கொடுக்கும்படி கையைக் காட்டினார்.

அண்ணாச்சி கடைசியாக வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நானா இருந்தாலும் மண்ணுக்குள்ளதான் போட்டிருப்பேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, பைக்குள்ள கிழிசல்னு எம்புட்டு வெவரமாக் கத சொன்ன நீ" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

கேட்டு அக்கா சிரிக்கவில்லை. அண்ணாச்சியிடமிருந்து காசை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்து, மூடினார்.

"இப்பச் சொல்லுங்க பாயம்மா."

"என்னக்கா?"

"கெடச்சிருச்சுன்னு சொல்லுங்க."

"கிடைச்சிருச்சுக்கா" என்றேன். எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்டிருக்கும்.

"அன்னைக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னீகள்ல?" என்றார். "அதே மாதிரிச் சொல்லுங்க."

வரிசையின் பக்கம் திரும்பி நின்று சொன்னேன்.